கரண்ட் வரவில்லையா? சிடிஐ வாங்கும் முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்

போன ஐப்பசியில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரம். பாம்பனில் கடை ஷட்டரை அப்போதுதான் பாதி தூக்கியிருந்தேன். மீன் விற்கும் அக்கா ஒருவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். பின்னால் ஐஸ் பெட்டி நிறைய நகரையும் காரலும். பாலம் தாண்டி உச்சிப்புளிப் பக்கம் தெருத்தெருவாகப் போய் விற்பவர். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரவில்லை என்றால் அன்றைய முதல் போச்சு. "தம்பி, மூணு மாசத்துல ரெண்டு சிடிஐ மாத்தியாச்சு. இப்ப மறுபடியும் கரண்ட் வரல. இன்னொண்ணு வாங்கச் சொல்லிராத தம்பி" என்றார். குரல் கம்மியிருந்தது.

சிடிஐ என்பது, சரியான நேரத்தில் பிளக்கில் பொறி விழ வைக்கும் சின்னப் பெட்டி. சைடு பேனலைக் கழற்றி, அதில் செருகியிருக்கும் கப்ளரை, அதாவது ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பை, இழுத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு பின் பச்சையாக இருந்தன. பித்தளையில் களிம்பு ஏறி, அதன் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்றது. ஐஸ் பெட்டியின் மூலையிலிருந்து சொட்டிய மீன் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, நேராகக் கப்ளருக்குள் போயிருக்கிறது. சுத்தம் செய்து மாட்டியதும் மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. வேலை செய்யாது என்று முன்பு கழற்றிப் போட்ட சிடிஐ இரண்டையும் அக்கா பையில் வைத்திருந்தார். அவற்றையும் வாங்கி அதே வண்டியில் மாட்டிப் பார்த்தேன். இரண்டிலும் பொறி நன்றாக வந்தது.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் புதுசு மாட்டியதும் வண்டி ஓடியதே, அது எப்படி? கப்ளரை இழுத்து மறுபடி செருகும்போது பின்னும் சாக்கெட்டும் உரசிக் கொஞ்சம் களிம்பு உதிரும். அந்த இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொடும். நாலைந்து வாரம் ஓடும். திரும்ப உப்பு ஏறும், திரும்ப நிற்கும். பழி சிடிஐ மேல் விழும். இது எங்கள் கரை முழுக்க, தொண்டி முதல் சாயல்குடி வரை நடப்பதுதான். அதனால்தான் சிடிஐ என்ன செய்கிறது, அது போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காரில் இதே வேலையைச் செய்வதை இக்னிஷன் மாட்யூல் என்பார்கள், சிலர் இக்னைட்டர் என்பார்கள். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெட்டிக்குள் நடப்பது

பெட்ரோல் என்ஜினில் பிளக்கின் முனையில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இரு சக்கர வண்டிகளில் பெரும்பாலும் 0.6, 0.7 மில்லிமீட்டர்தான். ஆனால் சிலிண்டருக்குள் நெருக்கி அமுக்கப்பட்ட காற்றில் அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி விழ வேண்டுமென்றால் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். பேட்டரியில் இருப்பதோ 12 வோல்ட். பேட்டரியே இல்லாமல் ஓடும் மொபெட்டும் உண்டு. ஆக, வோல்ட்டை ஏற்றவும் வேண்டும், பிஸ்டன் சரியான இடத்துக்கு வரும் நேரம் பார்த்து அதை விடவும் வேண்டும். ஏற்றுகிற வேலையில் பெரும்பகுதி எச்டி காயில் என்கிற கம்பிச் சுருளுடையது. எப்போது விடுவது என்பது சிடிஐயின், காரில் என்றால் மாட்யூலின், பொறுப்பு.

(டீசல் என்ஜினுக்கு இந்தக் கதையே கிடையாது. அமுக்கத்தின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். விசைப்படகு என்ஜினில் பிளக் இல்லாதது அதனால்தான். வள்ளத்தில் மாட்டும் பெட்ரோல் அவுட்போர்டுக்கு எல்லாம் உண்டு.)

முன்பு இந்த வேலையை சி.பி. பாயிண்ட் செய்தது. இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். ஒரு கேம் தள்ளும்போது பிரியும், பிரியும் நொடியில் பொறி விழும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ராமநாதபுரத்தில் கடை வைத்திருந்தார். காலையில் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு அவர் செய்யும் முதல் வேலை, உப்புத்தாளை மடித்துப் பாயிண்டுக்கு நடுவே விட்டு இரண்டு இழு இழுப்பதுதான். உப்பங்காற்றில் பாயிண்ட் நாலு நாள் தாங்காது. சிடிஐ வந்தபோது அந்தத் தொல்லை போயிற்று. அதற்குள் திறந்து மூடும் உலோகம் எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் எபாக்சி ஊற்றி அடைத்துவிடுகிறார்கள், தண்ணீர் உள்ளே போகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு உள்ளே உப்பு போவது அரிது. வெளியே இருக்கும் பின், கப்ளர், ஒயர், எர்த் போல்ட்டு, இவற்றைத்தான் உப்பு பிடிக்கும்.

சிடிஐ எப்படி வேலை செய்கிறது என்று என் கடையில் பழகும் பையனுக்குக் கண்மாயை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக்காரன், உடனே பிடித்துக்கொண்டான். மேக்னெட்டுக்குள் சோர்ஸ் காயில் என்று ஒரு சுற்று இருக்கும். காந்தம் பதித்த சக்கரமான ஃபிளைவீல் சுற்றும்போது அதில் நூறு, இருநூறு வோல்ட், வேகம் கூடினால் அதற்கும் மேல் கரண்ட் உண்டாகும். அது கண்மாய்க்கு வரும் வரத்து. சிடிஐக்குள் ஒரு டயோட் இருக்கிறது. வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் அது பார்த்துக்கொள்ளும். கெபாசிட்டர்தான் கண்மாய். அதில் கரண்ட் நிறைந்து நிற்கும். கண்மாயின் மடை, எஸ்சிஆர் என்கிற ஒரு சின்னப் பொருள். யாராவது சொன்னால்தான் திறக்கும்.

மடையைத் திறக்கச் சொல்லும் நீர்பாய்ச்சி யார் என்றால், பல்சர் காயில். ஃபிளைவீலின் வெளிப்பக்கத்தில் ஒரு மேடு இருக்கும். அது பல்சரைக் கடக்கும்போது ஒரு சின்னத் துடிப்பு பிறக்கும். ஓரிரு வோல்ட் போதும். அந்தத் துடிப்பு பட்டதும் எஸ்சிஆர் திறக்கும், கண்மாயில் நின்ற அத்தனையும் ஒரே பாய்ச்சலில் எச்டி காயிலின் முதல் சுற்றுக்குள் இறங்கும். இரண்டாம் சுற்றில் பல மடங்கு அதிகமான சுருள்கள் இருப்பதால் அது பதினைந்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்டாக ஏறிப் பிளக்கில் விழும். மடை மூடும், கண்மாய் மறுபடி நிறையும். 6,000 ஆர்பிஎம் வேகத்தில் ஓடும் டூ ஸ்ட்ரோக் என்ஜினில் இது ஒரு நொடிக்கு 100 தடவை நடக்கிறது.

இந்த உவமையை நான் சும்மா சொல்லவில்லை. வண்டியில் வரும் கோளாறு எல்லாம் இதற்குள்ளேயே அடங்கும். வரத்து குறைந்தால் சோர்ஸ் காயில். நீர்பாய்ச்சி வராவிட்டால் பல்சர். மடை திறந்தும் வயலுக்கு நீர் போகவில்லை என்றால் எச்டி காயில். கரையில் நண்டு வளை விழுந்து கசிந்தால் கண்மாய் நிறையவே நிறையாது. எங்கள் ஊர்க் கோளாறு இந்த நண்டு வளைதான். கப்ளருக்குள் இருநூறு வோல்ட் வரும் பின்னும் எர்த் பின்னும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நல்ல தண்ணீர் பட்டால் பெரிய கெடுதல் இல்லை, காய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் கரண்டைக் கடத்தும். காய்ந்த பிறகும் படிந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் பனி ஈரத்தோடு கிக் அடித்தால் வண்டி பிடிக்காமல், பத்து மணி வெயிலில் நிறுத்தியபின் பிடித்தால் அது பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

காரில் வேறு வழி. மாட்யூலுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் முதலில் காயிலுக்குள் 12 வோல்ட் கரண்டை ஓடவிடும். சில மில்லி செகண்டில் ஆறேழு ஆம்பியர் வரை ஏறும். அப்புறம் பட்டென்று அறுத்துவிடும். வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயை ஒரேயடியாக அடைத்தால் குழாய் 'டொம்' என்று அதிருமே, அதுபோல முதல் சுற்றிலேயே சில நூறு வோல்ட் எகிறும், இரண்டாம் சுற்றில் இருபதாயிரத்துக்கு மேல் போகும். சிடிஐ நிறைத்துத் திறக்கிறது, இது ஓடவிட்டு அறுக்கிறது. இப்படி அறுக்கிற வேலையில் டிரான்சிஸ்டர் சூடாகும். அதனால்தான் பழைய கார்களில் மாட்யூலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு பசை தடவியிருப்பார்கள், சூட்டை உலோகத்துக்கு இறக்கிவிட. கழற்றி மாட்டும்போது அந்தப் பசையைத் துடைத்துவிட்டு வெறுமனே முடுக்கினால் மாட்யூல் சீக்கிரமே வெந்துவிடும். புதுப் பசை தடவியே ஆக வேண்டும்.

இன்னொரு வேலையும் உண்டு, நேரத்தைத் தள்ளி வைப்பது. பெட்ரோல் பற்றி எரிய ஒரு சின்ன அவகாசம் எடுக்கும். 6,000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்றுக்கே 10 மில்லி செகண்ட்தான். ஆகவே வேகம் கூடக் கூடப் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே, இன்னும் முன்பே பொறி விட வேண்டும். ஐடிலிங்கில் பத்துப் பதினைந்து டிகிரி முன்னால் என்றால், வேகத்தில் இருபத்தைந்து, முப்பது டிகிரி வரை போகும். இந்தக் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். கப்ளர் ஒன்றுபோல இருக்கிறதே என்று வேறு மாடல் சிடிஐயை மாட்டக் கூடாது என்று நான் கத்துவது இதற்காகத்தான். வண்டி ஓடும், ஆனால் பிக்கப் இருக்காது, என்ஜின் சூடேறும், பிஸ்டன் வரை கேடு வரும். சிலவற்றில் ஒயர் வரிசையே மாறியிருக்கும். மாட்டிய நிமிஷமே புதுசு போய்விடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு மொபெட் முதல் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்‌ஷன் ஆகிவிட்டது. அவற்றில் தனி சிடிஐ கிடையாது. ஈசியு என்கிற ஒரே பெட்டி பெட்ரோலையும் பார்க்கும், பொறியையும் பார்க்கும். விலை ஆயிரக்கணக்கில். ஆகவே கப்ளர், எர்த் பற்றி நான் கீழே சொல்வது அந்த வண்டிக்காரர்களுக்கு இன்னும் முக்கியம். மீட்டர் வைத்துச் சோதிப்பதை மட்டும் அவர்கள் அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் பார்த்தே செய்ய வேண்டும்.

சோதிக்கும் வரிசை

முதலில் பிளக். கழற்றி, புதுப் பிளக் ஒன்றைப் பிளக் ஒயரின் முனையில் இருக்கும் கேப்பில் (தொப்பியில்) செருகி, அதன் உலோக உடம்பை என்ஜின் ஹெட்டில் நன்றாகப் பட வைத்துவிட்டு கிக் அடியுங்கள். நிழலான இடத்தில் பாருங்கள், வெயிலில் பொறி தெரியாது. நீலமாக, 'டிக் டிக்' என்று சத்தத்தோடு விழுந்தால் சிடிஐ நன்றாகவே இருக்கிறது, கோளாறு பழைய பிளக்கிலோ பெட்ரோல் பக்கமோதான். மஞ்சளாக, மெலிசாக விழுந்தால் எங்கோ கசிகிறது. இரண்டு எச்சரிக்கை. பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் புகை வரும், பொறியை அதற்குப் பக்கத்தில் காட்டாதீர்கள். பிளக்கை எர்த்தில் படாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு கிக் அடிக்காதீர்கள். போக வழியில்லாத வோல்ட் திரும்பிக் காயிலையும் சிடிஐயையும் குத்தும். சிடிஐ நல்லதா என்று பார்க்கப் போய் அதையே கொன்றவர்கள் இருக்கிறார்கள். கேப்பையும் கையால் பிடிக்க வேண்டாம். எச்டி காயிலுக்குப் போகும் சின்ன ஒயரில்கூட இருநூறு முந்நூறு வோல்ட் இருக்கும், கையை உதறிவிடும்.

பொறி இல்லை என்றால் அடுத்தது கேப். திருகிக் கழற்றினால் ஒயர் முனை தெரியும். எங்கள் பக்கம் அது பச்சையாகத்தான் இருக்கும். கால் அங்குலம் வெட்டிவிட்டுப் புதுச் செம்பு தெரியும்படி மறுபடி திருகுங்கள். பல வண்டி இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

அடுத்து நான் செய்வது கில் ஒயரைப் பிரிப்பது. பேட்டரி இல்லாமல் மேக்னெட்டிலேயே ஓடும் வண்டிகளில் சாவியை ஆஃப் செய்வது என்றால் சோர்ஸ் காயிலின் கரண்டை எர்த்தில் இறக்கிவிடுவது என்று அர்த்தம். மடையே வேண்டாம், கரையை உடைத்துவிடுவது போல. சாவி சுவிட்சுக்குள் உப்பு ஏறி உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால், நீங்கள் ஆன் செய்தாலும் சிடிஐயைப் பொறுத்தவரை வண்டி ஆஃப்தான். சுவிட்சிலிருந்து சிடிஐக்கு வரும் அந்த ஒற்றை ஒயரைக் கப்ளரில் பிரித்துவிட்டு கிக் அடியுங்கள். பொறி வந்துவிட்டதா? சிடிஐயில் குறை இல்லை, சுவிட்சைப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. ஒன்று, அந்த ஒயர் பிரிந்திருக்கும்வரை சாவியால் வண்டி நிற்காது. சோக் போட்டோ காற்றை அடைத்தோதான் நிறுத்த வேண்டும். பேட்டரியில் ஓடும் சிடிஐயில் இது தலைகீழ். அங்கே சாவி கரண்டைக் கொடுக்கிறது, ஒயரைப் பிரித்தால் பொறியே வராது. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

எர்த் போல்ட்டை மறக்கக் கூடாது. சேஸியில் ஒரு போல்ட்டில் இரண்டு மூன்று ஒயர் சேர்ந்து முடுக்கியிருக்கும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், அடியில் துரு செதில் செதிலாக இருக்கும். கழற்றி, உப்புத்தாளால் சேஸி பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

இப்போது கப்ளர். இதைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்ய வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை நகத்தால் அமுக்கிக் கப்ளரின் உடம்பைப் பிடித்து இழுங்கள். எல்லாரும் செய்யும் தவறு, உடனே பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது. பெட்ரோலில் எண்ணெய்ப் பசை போகும், உப்பு கரையாது. கடையில் விற்கும் ஸ்ப்ரேயும் பெரும்பாலும் அப்படித்தான். உப்பைக் கரைப்பது தண்ணீர் மட்டுமே, அதுவும் நல்ல தண்ணீர். எங்கள் ஊரில் பாதிக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. அதனால் நான் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் தனியாக வைத்திருக்கிறேன். பேட்டரி பிளஸ், மைனஸ் இரண்டையும் முதலில் கழற்றிவிட்டு, சிரிஞ்சில் அந்தத் தண்ணீரை எடுத்துக் கப்ளரின் ஒவ்வொரு ஓட்டையிலும் பீய்ச்சுவேன். பழைய டூத் பிரஷ்ஷால் பின்களைத் தேய்ப்பேன். பச்சை போகாத இடத்தில் உப்புத்தாளை மெல்லிசாக வெட்டிச் சுருட்டி உள்ளே விட்டுத் திருகுவேன். மறுபடி ஒரு பீய்ச்சு. அப்புறம்தான் ஸ்ப்ரே, மிச்ச ஈரத்தை விரட்ட. வெயிலில் அரை மணி நேரம். அவசரம் என்றால் காற்றுப் பம்பு.

காய்ந்த பிறகு சாக்கெட் பக்கத்து உலோக நாக்குகளைப் பாருங்கள். பல தடவை கழற்றி மாட்டியதில் வாய் விரிந்திருக்கும். ஊசி முனையால் லேசாக நெருக்குங்கள், பின் நுழையும்போது பிடிப்பு தெரிய வேண்டும். ஒயர் பின்னோடு சேரும் இடத்தை விரலால் அசையுங்கள். உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகியிருந்தால் ரப்பர் உறைக்குள் ஒயர் அறுந்தே கிடக்கும், வெளியே தெரியாது. சந்தேகமாக இருந்தால் அரை அங்குலம் உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு செம்பாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் நல்ல நிறம் வரும்வரை வெட்டிப் புது முனை போடுங்கள். கடைசியாகச் சிலிக்கான் கிரீஸ், அது இல்லாவிட்டால் வாஸ்லின், கப்ளரின் வாயைச் சுற்றிப் பூசி அழுத்தி மாட்டுங்கள். 'கிளிக்' என்று பூட்டு விழ வேண்டும்.

இதுவரை செய்தும் பொறி இல்லையென்றால் மல்டிமீட்டர். பல்சர் காயிலில் பெரும்பாலும் நூறு முதல் முந்நூறு ஓம் வரை காட்டும், சோர்ஸ் காயிலில் சில நூறு ஓம், எச்டி காயிலின் முதல் சுற்றில் ஓர் ஓம் கிட்டத்தட்ட, இரண்டாம் சுற்றில் சில ஆயிரம். சரியான எண் வண்டிக்கு வண்டி வேறு, அதற்குப் புத்தகம் பாருங்கள். நான் கவனிப்பது வேறு: ஒன்றுமே காட்டாமல் திறந்து கிடக்கிறதா, பூஜ்யம் காட்டுகிறதா, ஒயரை அசைத்தால் எண் துள்ளுகிறதா. ஓம் சரியாக இருப்பதாலேயே காயில் நல்லது என்று முடிவு செய்யவும் வேண்டாம். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து கிக் அடித்தால் சோர்ஸ் காயிலில் பல பத்து வோல்ட் துள்ள வேண்டும். பல்சரில் கொஞ்சமாவது அசைவு தெரிய வேண்டும். ஃபிளைவீல் மேட்டுக்கும் பல்சருக்கும் நடுவில் துரு ஏறியிருந்தால் துடைத்துவிடுங்கள், மேக்னெட்டில் இரும்புத் துகள் அப்பிக்கொள்ளும்.

பேட்டரி வண்டியாக இருந்தால் சாவி போட்டுச் சிடிஐக்கு வரும் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியில் 14, 14.5-க்கு மேல் போகக் கூடாது. ரெகுலேட்டர் கெட்டு 16, 17 என்று ஏறினால் நீங்கள் எத்தனை சிடிஐ மாட்டினாலும் அது தின்றுகொண்டே இருக்கும்.

வரத்து சரி, துடிப்பு சரி, எர்த் சரி, காயில் சரி, இருந்தும் பொறி இல்லை. அப்போதுதான் சிடிஐ மேல் சந்தேகம். அதையும் வாங்குவதற்கு முன் அதே மாடல் வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். வந்துவிட்டதா? உங்களுடையதை அந்த வண்டியில் மாட்டுங்கள். அங்கே அது நின்றால்தான் தீர்ப்பு.

சூடானால் நிற்கும் வண்டி

பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அதன் நடுவில் நின்றுபோன வண்டிகள் என் கடைக்கு அடிக்கடி வரும். மண்டபம் வரை நன்றாக வந்தது, பாலத்தில் ஆஃப் ஆயிற்று, கால் மணி நேரம் கழித்துத் தானாகப் பிடித்தது என்பார்கள். இதில் சிடிஐ குற்றவாளியாக இருக்க வாய்ப்பு உண்டு. உள்ளே ஈயப்பற்று நூலளவு விரிசல் விட்டிருந்தால் சூட்டில் பிரியும், ஆறினால் சேரும். ஆனால் பல்சரும் எச்டி காயிலும் இதே குணம் காட்டும். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்று ஓட்டை அடைத்துக்கொண்டாலும் அச்சு அசலாக இப்படியே நடக்கும். ஆகவே நின்ற அடுத்த நிமிஷமே, ஆறுவதற்குள், பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். பொறி இருந்தால் டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். பொறி இல்லை என்றால் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, கப்ளரில் படாமல், சிடிஐயின் முதுகில் மட்டும் வைத்துக் குளிர வையுங்கள். உடனே பொறி வந்தால் அதுதான். கடையில் என்றால் ஹேர் டிரையர் வைத்து ஒவ்வொன்றாகச் சூடேற்றிப் பார்ப்பேன்: முதலில் சிடிஐ, அப்புறம் காயில்.

நிஜமாகவே செத்துப்போன சிடிஐகளை நான் பார்த்ததில் உப்பால் செத்தவை குறைவு. கீழக்கரையிலிருந்து வந்த ஒரு காக்காவின் (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பைக்கில், வீட்டுப் பையன் பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டிவிட்டான். ஒரே நொடி, அவ்வளவுதான். இன்னொன்று, ஸ்டாண்டு உடைந்ததை வெல்டிங் வைக்கும்போது பேட்டரியையும் சிடிஐயையும் கழற்றாமல் விட்டது. இரண்டிலும் பெட்டிக்கு வெளியே ஒரு கீறல் இல்லை. எபாக்சியைத் தோண்டி உள்ளே ரிப்பேர் செய்ய முடியாது, புதுசுதான் வழி.

மாட்டுவது எப்படி

இங்கே கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடல் உப்பைத் தூவும், வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் தூவும். ஓய்வே கிடையாது. ஆகவே மாட்டும்போதே கப்ளரின் வாய் கீழே பார்க்கும்படி வையுங்கள். ஒயர் கப்ளருக்குள் நுழைவதற்கு முன்னால் கீழே ஒரு வளைவு தொங்கி, அங்கிருந்து மேலேறிப் போகட்டும். மேலிருந்து ஒழுகி வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுகிறார்கள். வேண்டாம். ஈரம் உள்ளேயே நின்று வேகும். சைக்கிள் டியூபை வெட்டி மேல் பக்கம் மட்டும் தொப்பி போல மூடி, அடியைத் திறந்து விடுங்கள்.

தனுஷ்கோடிக்குப் போய் அலையோரத்தில் வண்டியை இறக்கி ஓட்டிவிட்டு வருபவர்கள், அன்று இரவே நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பைச் சீட்டுக்கு அடியில் அடிக்கச் சொல்லாதீர்கள். அந்த வேகத்தில் உப்புத் தண்ணீர் போகாத இடத்துக்கெல்லாம் போகும்.

அந்த அக்காவின் மொபெட்டுக்கு ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு அடித்து, தட்டின் பின் மூலையில் துளை போட்டு, ஒரு முழம் ஓஸ் மாட்டி, மீன் தண்ணீர் பின்சக்கரத்துக்கும் பின்னால் ரோட்டில் விழும்படி இறக்கிவிட்டேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், அவருக்கும் பாதி வேலை இருக்காது, மொபெட் வீட்டு வாசலிலேயே நிற்கும். நின்ற வண்டியைத்தான் களிம்பு அதிகம் பிடிக்கும். அதனால் தடை தொடங்கும் வாரம் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். கப்ளரைக் கழுவிக் கிரீஸ் வைத்துக் கொடுத்து, வாரம் ஒரு முறை கிக் அடித்துப் பத்து நிமிஷம் ஓடவிடச் சொன்னேன். ஜூன் 15 இரவு படகு போய், மறுநாள் விடியலில் முதல் மீன் இறங்கியபோது என் கடையைத் தாண்டிப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தார். நிற்கவில்லை, கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். பழைய சிடிஐ இரண்டும் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வீட்டில் வைத்திருக்கிறார்.